நடந்து பிழைப்போரும் வறட்சியும்
(வறட்சி மேலாண்மை பற்றிய கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



வறட்சி என்றதும் நம் கோப்புகளில் முதலிடம் பெறுவது கருகிய பயிர்தான். பயிரிட்ட பரப்புக்குக் கணக்கு உண்டு. நிவாரணத்துக்கு விதிமுறை உண்டு. பயிரே இடாமல், கால்நடைகளுடன் புல்லைத் தேடி நடப்பவர்களுக்கு அக்கணக்கில் இடம் எங்கே? குஜராத் மாநிலம் கட்ச் மாவட்டத்தின் பன்னீ புல்வெளியைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய விரும்புகிறேன்.

ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்புல்வெளியில் வாழ்பவர்கள் மால்தாரிகள். கால்நடையைச் செல்வமாக உடையவர் என்பதே அப்பெயரின் பொருள். அங்கு மழை குறைவு. அதிலும் நிலையின்மை மிகுதி. ஓராண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி. ஆகவே மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் மந்தையுடன் வெளியேறுவார்கள். புல் தழைத்ததும் திரும்புவார்கள். பொருளியல் மொழியில் கூறினால், இடப்பெயர்ச்சியே அவர்களது காப்பீடு. இதை நாம் நெடுங்காலமாகப் பின்தங்கிய நிலையின் அடையாளமாகக் கருதிவிட்டோம்.

நல்நோக்கம் தந்த பாடம்

1955-இல் பன்னீ பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. உவர் நிலம் பரவுவதைத் தடுக்க, 1960-களின் தொடக்கத்தில் அங்குச் சீமைக் கருவேல் நடப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டத்தை அறிந்தவர்களுக்கு அம்மரத்தின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. புல் இருந்த இடத்தை அது பிடித்துக்கொண்டது. அதன் நெற்றுகளை மிகுதியாகத் தின்ற காங்கிரேஜ் மாடுகள் நோயுற்றன. மால்தாரிகள் பலர் மாட்டை விட்டு எருமைக்கு மாறினர். சிலருக்குக் கரி சுடுவது பிழைப்பாயிற்று. வறட்சிக்கு மருந்தாக வந்த மரம், வறட்சியில் கைகொடுத்த புல்லையே அழித்தது!

ஆனால், அம்மக்களின் அறிவு சோரவில்லை. வெப்பம் தாங்காத எருமைகளை இரவில் மேயவிட்டுப் பகலில் ஓய்வு கொடுக்கிறார்கள். அவர்கள் பேணி வளர்த்த பன்னீ எருமை 2010-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. பருவநிலை மாறி வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில் இத்தகைய அனுபவ அறிவு நாட்டின் செல்வமாகும்.

செய்ய வேண்டுவன

முதலாவது, உரிமை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையையும், நாடோடி மேய்ப்பர்களின் பருவகால உரிமையையும் ஏற்கிறது. இவ்வுரிமைகள் ஏட்டளவில் நில்லாது பட்டாவாக அவர்கள் கைக்கு வரவேண்டும். இரண்டாவது, சீமைக் கருவேலை அகற்றிப் புல்லை மீட்கும் பணி. அதில் எங்கே, எப்போது என்பதை மேய்ப்பவர்களே முடிவு செய்யட்டும். மூன்றாவது, அவர்களுடன் நகரும் சேவை. தீவன முகாமும் கால்நடை மருத்துவமும் வழித்தடங்களிலேயே கிடைக்க வேண்டும். ஒரே நாடு, ஒரே குடும்ப அட்டைத் திட்டத்தால் உணவுப் பங்கீட்டு உரிமை இன்று மாநில எல்லை தாண்டிச் செல்கிறது. மனிதருக்கு இயன்றது மந்தைக்கு இயலாதா?

மேய்ப்பரை ஓரிடத்தில் நிறுத்துவதே வளர்ச்சி என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். அவர் நடக்கும் பாதை அடைபட்டால், அடுத்த வறட்சியில் அவர் நிவாரண முகாமின் வாயிலில் நிற்பார். பாதையைத் திறந்து வைப்பது அதைவிடச் செலவு குறைந்தது. அவரது தன்மதிப்பையும் காப்பது.