வால்டியூப்பும் தீக்குச்சியும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் படித்தவன் நான். சந்தேகம் என்று போய் நின்றால், "செஞ்சு பாரேன்டா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அப்போது எரிச்சலாக வரும்.

இயற்பியல் ஆய்வில் பாதி ஆயுளைக் கழித்தபின் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பேசப் போனேன். குவிலென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் விளக்கினேன். கதிர்ப்படம், குவியத்தொலைவு, சூத்திரம் என்று ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. முடிந்ததும் முன்வரிசைச் சிறுமி, "சார், அதை ஒரு தடவை தருவீங்களா?" என்றாள். அவள் கேட்டிராவிட்டால் லென்ஸ் என் பையோடு ஊர் திரும்பியிருக்கும்.

விஞ்ஞானிகளை மக்களிடம் அனுப்புவது என்றதும் மேடைப்பேச்சுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறார்கள். எனக்கு நினைவுக்கு வருவது ஹோஷங்காபாத். மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 1972-ல், 16 நடுநிலைப் பள்ளிகளில், செய்து பார்த்துக் கற்கும் அறிவியல் பாடம் தொடங்கியது. முன்னின்றவர்களில் ஒருவர் அனில் சத்கோபால். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டு வந்த மூலக்கூறு உயிரியலாளர். அந்த நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து, பள்ளி ஆசிரியர்களோடு சேர்ந்து சோதனைகளைச் செய்தார்கள். தேர்வில்கூடப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். 1978-ல் இந்தப் பாடம் மாவட்டம் முழுக்கப் பரவியது. 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. அந்த வருத்தத்தைப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

அதே 1978-ல், டெல்கோ வாகன நிறுவனத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓர் இளம் பொறியாளர் அங்கே வந்தார். அவர்தான் அரவிந்த் குப்தா. வாரச்சந்தையில் அவர் கண்ணில் பட்டது சைக்கிள் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர்க் குழாய். அதைச் சிறுதுண்டாக நறுக்கி, இரு முனையிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு தயார். துண்டின் நடுவே முள்ளால் துளைத்தால் மூன்றாவது குச்சியும் நுழையும். நான்கு குச்சியில் சதுரம் கட்டினால் தொட்டதும் சாயும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. மின்கோபுரத்தில் அத்தனை முக்கோணம் ஏன் என்பது இதிலேயே இருக்கிறது.

இளம் ஆய்வாளர்களுக்கு நான் நடத்தும் பட்டறையில் இந்தக் குச்சிகள்தாம் முதல் பாடம். பிள்ளைகளை எதிரே உட்காரவைத்து, ஆய்வாளர்களுக்கு ஒரே விதி சொல்வேன்: கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முனைவர் பட்டக்காரர்கள் ஐந்து நிமிடம் தாங்குவதில்லை. "இப்படிப் பண்ணும்மா" என்று குச்சியைப் பிடுங்கிவிடுவார்கள். கையை அடக்கினால் வாய் திறந்துகொள்ளும். "விறைப்பு" என்ற சொல் வந்து விழும். பிள்ளை உடனே குச்சியைக் கீழே வைத்துவிட்டு, எழுதிக்கொள்ளவா என்று பார்க்கும். 

ஒருமுறை ஒரு பையன், சாயும் சதுரத்துக்குக் குறுக்கே இன்னொரு குச்சி வைக்கப் பார்த்தான். எட்டவில்லை. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைவிட நீளமாயிற்றே! எதிரே இருந்த பெண் ஆய்வாளருக்கு விடை உதடுவரை வந்துவிட்டது. விரல்களைப் பின்னால் இறுக்கிக்கொண்டார். பையன் எதிர்மூலைகள் இரண்டையும் முள்ளால் துளைத்தான். சதுரத்தைக் குச்சி எட்டும்வரை அமுக்கிச் சாய்த்துச் செருகினான். இரண்டு முக்கோணம். அழுத்திப் பார்த்தான், நகரவில்லை.

"சாஞ்சுதான் நிக்குது அக்கா" என்றான்.