கணிதமும் விளையாட்டும்



கணிதமென்றால் பல பிள்ளைகளுக்குக் கசப்பு. வீடியோ விளையாட்டென்றால் கற்கண்டு. இரண்டையும் கலந்தால் பயிற்சி இனிக்குமா? இனிக்கும், ஆனால் கலக்கும் முறையறிந்து கலத்தல் வேண்டும்.

பெருக்கற் கணக்கொன்றைச் செய்தால் பகைவனைச் சுடலாம் என்னும் விளையாட்டுக்கள் பல. வாய்பாட்டை விரைந்து சொல்லப் பழக இவை உதவலாம். ஆயினும், அங்கே இன்பம் சுடுவதில். கணக்கோ அதற்குச் செலுத்தும் சுங்கம். சுங்கத்தை விரும்பிச் செலுத்துவார் உண்டோ?

2012இல் நோர்வேயில் வெளிவந்த டிராகன்பொக்ஸ் வேறு வகையினது. திரையின் இருபுறமும் படச் சீட்டுகள் இருக்கும். அவற்றிடையே உள்ள ஒரு பெட்டியைத் தனியே நிற்கச் செய்யவேண்டும். ஒருபுறம் சீட்டொன்றைச் சேர்த்தால் மறுபுறமும் சேர்த்தேயாக வேண்டும். போகப்போகப் படங்கள் எண்களாகவும் எழுத்துகளாகவும் மாறும். சமன்பாடு என்ற சொல்லை அறியுமுன்னரே பிள்ளை சமன்பாட்டைத் தீர்த்துவிடுகிறது. இங்கே கணக்குச் செய்வதே ஆட்டம்.

எனினும், திரையில் வென்ற பிள்ளை கொப்பியிலும் வெல்லுமென்று நாம் வாளாவிருத்தலாகாது. ஆட்டம் முடிந்ததும், “இப்போது செய்ததை எழுதிக் காட்டு, தம்பி” என்று கேட்க அருகில் ஒருவர் வேண்டும். பெரியோர்களே, விளையாட்டென்று வெறுத்தொதுக்காதீர்கள். இளைஞர்களே, அந்த ஒருவராக நாம் இருப்போம்.