காஸ் அடுப்பு மங்கினால் என்ன செய்வது?

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஓர் ஆடிப்பிறப்புக்கு யாழ்ப்பாணம், கொக்குவிலில் இருக்கும் என் மனைவியின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். பின்வளவில் காஸ் அடுப்பை வைத்து ஆடிக்கூழ் காய்ச்சினார்கள். நெருப்பு மஞ்சளாக எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மங்கியும் போனது. காஸ் முடிகிறது என்று நினைத்து நான் சிலிண்டரைச் சரிக்கப் போனேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்தார். "தம்பி, அதில கை வையாதேங்கோ! முதல்ல அடுப்பை நூர்த்துப்போட்டுப் பைப்பைப் பாருங்கோ."

பார்த்தால், ரப்பர் பைப் ஒரு செங்கல்லின் கீழ் நசிந்து கிடந்தது. பல மாதம் கொட்டிலில் கிடந்த அடுப்பு அது. ஆறிய பிறகு பர்னரைக் கழற்றினால், குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்து மாட்டியதும் நெருப்பு நீலமாக வந்தது.

அக்கா 1990களில், பொருளாதாரத் தடைக் காலத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணிச் செலவழித்த சனம் எரிபொருளோடு விளையாடாது.

இதை ஏன் சொல்கிறேன்? நம் லயத்தில் ஒரு வீட்டில் மார்கழிக் குளிரில், பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் அடுப்பு மங்கியது. சூடு காட்டினால் சரிவரும் என்று சிலிண்டரை விறகு அடுப்புக்குப் பக்கத்திலே நகர்த்தி வைத்துவிட்டார்கள். அடுத்த காம்பராவில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா கண்டு சத்தம் போட்டதால்தான் தப்பினார்கள்.

குளிரில் ஏன் மங்குகிறது? சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியாகித்தான் அடுப்புக்கு வரும். புரோப்பேன் பூச்சியத்துக்கு 42 பாகை கீழேயே கொதித்துவிடும். பியூட்டேன் பூச்சியப் பாகைக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். யாழ்ப்பாண வெயிலில் இரண்டும் நன்றாக ஆவியாகும். நம் மலைக்குளிரில், அதுவும் சிலிண்டர் முடியும் தறுவாயில், பியூட்டேன் சோம்பிவிடும். பெரிய நெருப்பில் நெடுநேரம் சமைத்தாலும் சிலிண்டர் குளிர்ந்து வெளியே வேர்க்கும். அது பழுதில்லை. நெருப்பைக் குறைத்து, சிலிண்டருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள், போதும்.

இனி அடுப்பு மங்கினால் வரிசையாகப் பாருங்கள்:

1. காஸ் மிச்சம் உண்டா? கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் நிறையைக் கழிப்பார்களே, அதே கணக்குத்தான். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைக் கழித்தால் மிச்சக் காஸ் தெரியும். பெரிய சிலிண்டரில் நிரப்புவது 12.5 கிலோ.

2. ரெகுலேட்டர் சரியாகப் பூட்டியிருக்கிறதா, முழுதாகத் திறந்திருக்கிறதா? அது பழுதென்றால் கழற்றித் திருத்தாதீர்கள், மாற்றுங்கள்.

3. பைப் நசிந்தோ, மடிந்தோ, வெடித்தோ இருக்கிறதா? மாட்டிய இடங்களில் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

4. பர்னர் துளைகளில் சோற்றுக் கஞ்சி அடைத்திருக்கிறதா, குழலில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா? நெருப்பு மஞ்சளாக எரிந்து பானை கரி பிடித்தால் இதைத்தான் பாருங்கள்.

சிலிண்டரைச் சுட வைக்காதீர்கள், சுடுதண்ணீரிலும் வைக்காதீர்கள். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். சரித்தும் படுக்க வைத்தும் சமைக்காதீர்கள். திரவமே பைப்பில் ஓடி வந்து நெருப்பு பாயும்.

2021 நவம்பர், டிசம்பரில் நாட்டில் பல வீடுகளில் காஸ் வெடிப்புகள் நடந்தது ஞாபகம் இருக்கும். ஆராய்ந்த குழு, காஸ் கலவை மாறியதையே முக்கிய காரணமாகச் சொன்னது. கலவை நம் கையில் இல்லை. பைப்பும் ரெகுலேட்டரும் நம் கையில்தான் இருக்கின்றன.

காஸ் காற்றை விடப் பாரமானது, தரையில் தேங்கும். நம் காம்பராக்களோ சிறியவை. மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறவுங்கள், லைட் சுவிட்சைத் தொடாமல் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பராவையும் கூப்பிடுங்கள். லயத்தில் ஒரு வீட்டு நெருப்பு ஒரு வீட்டோடு நிற்காது.

பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லை. உயிர் பெரிது.