மிஸ் மார்ப்பிளுக்கு ஒரு கோப்பைத் தேநீர்

துப்பறியும் கதை படித்தால் தூக்கம் கெடும் என்பவர்களுக்கு நான் சொல்வது அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் நாவல்கள். 1930-இல் தொடங்கி மொத்தம் 12. ஊர், இங்கிலாந்தில் செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமம். பின்னல் வேலையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி, யாரைப் பார்த்தாலும் 'இவர் நம்ம ஊர் இன்னாரைப் போல' என்று ஒப்பிடுவார். துப்பு துலங்கிவிடும்.

எனக்குப் பிடித்தது 1962-இல் வந்த 'தி மிரர் கிராக்ட் ஃப்ரம் சைட் டு சைட்'. கிராமத்தை ஒட்டி ஒரு புதுக் குடியிருப்பு வந்துவிடுகிறது. பாட்டிக்கு வயதாகிவிட்டது, தோட்ட வேலை கூடாது என்கிறார் டாக்டர். துணைக்கு வந்த அம்மாளோ குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறார். (என் வீட்டிலும் இதே கதைதான்!) அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பாட்டி தனியாகப் புது வீடுகளைப் பார்க்கக் கிளம்பி, அங்கே தடுக்கி விழுகிறார். முன்பின் தெரியாத ஒரு பெண் ஓடிவந்து தூக்கிவிட்டு, வீட்டுக்குள் அழைத்துப் போய்த் தேநீர் கொடுக்கிறார்.

பிறகு கொலையாவது அந்தப் பெண்தான். தேநீர் குடித்த நேரத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று பாட்டி கணித்துவிட்டார். முடிச்சு அதில்தான் இருக்கிறது. இதற்கு மேல் சொல்ல மாட்டேன். புத்தகம் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.