மருந்து கடைசி வீட்டை அடையும் வழி

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கோரிமேட்டில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்விச் சங்கம் ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் நன்னாளில், கற்றவர் ஏற்க வேண்டிய தலைமைப் பணி யாது என்று ஆராய்தல் பொருத்தமுடையது. தலைமை என்றதும் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வருகின்றன. நாம் இன்று எடுத்துரைக்க விழைவது மேடையேறாத தலைமை ஒன்றை. மருந்தானது ஆலையிலிருந்து புறப்பட்டு, அதை உண்ண வேண்டியவரின் கைக்குக் குறித்த காலத்தில், கெடாமலும் குறையாமலும் வந்து சேர வேண்டும். அதற்கு வழிசெய்வோரின் தலைமையே அது. இவ்வழியை விநியோகச் சங்கிலி என்பர்.

இதைப் பேசுதற்குக் கோரிமேடு தக்க இடமே. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964 முதல் அப்பெயரோடு இங்கு விளங்குகிறது. 1975இல் நிறுவப்பெற்ற நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இங்கே இந்திரா நகரில் உள்ளது. யானைக்கால் நோயை ஒழிக்கும் முயற்சியில் அம்மையத்தின் பங்கு பெரிது. ஆதலின் அந்நோய்க்கான மருந்து நடந்துவந்த பாதையையே முதற்சான்றாகக் கொள்வோம்.

டி.இ.சி. எனப்படும் அம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் 1947இல் உருவாயிற்று. யானைக்கால் நோயை ஒழித்தே தீர்வதென உலக சுகாதாரப் பேரவை தீர்மானித்ததோ 1997இல். இடையே ஐம்பது ஆண்டுகள் ஓடின. 2000இல் உலகளாவிய திட்டம் தொடங்கியது. இந்திய அரசு 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை இம்மாத்திரையை வீடுவீடாக வழங்கலாயிற்று. நோய் கண்டவர் மட்டுமன்றி, உண்ணத் தகுதியுள்ள ஊரார் அனைவரும் இதை உண்ண வேண்டும். மொத்த மக்களில் 65 விழுக்காட்டினரேனும் உண்டாலன்றிப் பரவல் அறாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு.

இங்குள்ள மையத்தின் ஆய்வாளர்கள் தமிழக ஊர்களில் ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டனர். கொடுக்கப்பட்ட மாத்திரைகளின் கணக்கு வேறு. விழுங்கப்பட்டவற்றின் கணக்கு வேறு! பதிவேட்டில் வழங்கியதாகக் குறித்தவை எல்லாம் வயிற்றுக்குள் செல்லவில்லை. சில மாத்திரைகள் மாடத்திலேயே தங்கிவிட்டன. எனவே ஊழியரின் கண்ணெதிரிலேயே உண்ணச் செய்தல் வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. ஆலையும் கப்பலும் கிடங்கும் செவ்வனே இயங்கினும், வீட்டு வாசலில் நின்று ஐயம் தீர்க்க நம்பிக்கைக்குரிய ஒருவர் இல்லையேல் சங்கிலி அங்கேயே அறுந்துபோகிறது.

இவ்வுண்மை நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. மகாராஷ்டிரத்து மகத் நகராட்சி, சவுதார் குளம் எல்லோர்க்கும் பொது என 1924இல் தீர்மானித்தது. தீர்மானம் ஏட்டில் இருந்தது. நீர் நம் மக்களின் வாய்க்கு வரவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். ஏட்டில் உள்ளதை வாய்க்குக் கொண்டு சேர்ப்பதே தலைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி அண்டை மாநிலத்துக்கு வருவோம். கோரிமேட்டிலிருந்து சற்றே நடந்தால் தமிழக எல்லை. அம்மாநில அரசு 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை நிறுவியது. இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல் வகுத்தனர். மாநிலம் முழுமைக்கும் ஒருசேர ஒப்பந்தப்புள்ளி கோரினர். ஒப்பந்தப்புள்ளியில் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. தகுதியில் தேறியவரின் விலையுறையே திறக்கப்படும். வந்த மருந்தின் மாதிரிகள், செய்தவர் பெயர் மறைக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பப்படும். மாவட்டக் கிடங்குகளில் இருப்பு கணினியில் ஏறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதில் குறித்த தொகைக்குள் தனக்குத் தேவையானதை அது பெற்றுக்கொள்ளும். இதில் விந்தை ஏதுமில்லை; ஒழுங்கு மட்டுமே உண்டு. இவ்வொழுங்கைக் கண்டு பிற மாநிலங்களும் பின்பற்றின. ராஜஸ்தான் 2011இல் இத்தகைய கழகம் ஒன்றை அமைத்து, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது.

உலக அரங்கிலும் இதே நிலைதான். எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்துக்கு ஒருவர்க்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை இருந்தது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனத்து யூசுஃப் ஹமீது அதை 350 டாலருக்குத் தர முன்வந்தார். விலை என்னும் தடை உடையத் தொடங்கியது. ஆயினும் 2021ஆம் ஆண்டின் முடிவில், செல்வ நாடுகள் கொரோனாவுக்கு மூன்றாம் தடுப்பூசி இட்டுக்கொண்டிருந்தபோது, மிக வறிய நாடுகளில் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் ஊசி எட்டவில்லை. ஊருக்கும் சேரிக்கும் இடையே நாம் கண்ட தொலைவு, நாடுகளுக்கிடையேயும் நிலவுவதைக் காண்கிறோம்.

அரசு மருந்தகத்தில் “இருப்பு இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்” என்னும் சொல் வசதியுள்ளவர்க்கு ஒரு சிறு தொல்லை. கூலி வேலை செய்யும் தாய்க்கோ அது அன்றைய உலை. சிலபோது பிள்ளையின் உயிர். ஆகவே இத்துறை நம்மவர் நுழைய வேண்டிய துறை என்று துணிந்து கூறுவோம்.

இளைஞர்களே! மருத்துவராகுங்கள், மகிழ்வோம். அதே வேளையில் மருந்தாளுநர், கிடங்குக் கண்காணிப்பாளர், கொள்முதல் அலுவலர், புள்ளியியலாளர் ஆகிய பணிகளையும் தாழ்வாக எண்ணாதீர்கள். தடுப்பூசிப் பெட்டியின் வெப்பம் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் இருமுறை பார்த்து எழுதுபவர், எத்தனையோ குழந்தைகளைக் காக்கிறார். முதலில் காலாவதியாவதை முதலில் எடுத்து வழங்குபவர், பொதுப்பணத்தைக் காக்கிறார். பொய்க்கணக்கில் கையொப்பமிட மறுப்பவர் இவ்விருவர்க்கும் அரணாகிறார்.

நம் சங்கம் இன்றே தொடங்கத்தக்க பணியும் ஒன்று உண்டு. அரசு மருந்தகத்தில் நம்மவருக்கு “இல்லை” என்று சொல்லப்பட்ட மருந்தின் பெயரையும் நாளையும் ஒரு பதிவேட்டில் குறித்து வருவோம். ஆறு திங்கள் சென்றபின், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இருப்புக் கணக்கைக் கேட்டுப் பெற்று, இரண்டையும் ஒப்பிடுவோம். இரைச்சலின்றி, சான்றோடு கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் நெடுநாள் இருக்க இயலாது. எழுத்தறிவை நம் சங்கம் தந்தது. அவ்வெழுத்து கணக்குக் கேட்கும் எழுத்தாகட்டும்.

ஜெய்பீம்!