கோலப் பொருத்தமும் மாறிகளும்

அலுவலகப் படிவம் ஒன்றிலே அச்சிட்ட சொற்கள் சில உள. நிரப்பவேண்டிய வெற்றிடங்கள் சில உள. எது அச்சு, எது வெற்றிடம் என்ற ஐயம் எவருக்கும் எழுவதில்லை. ஆனால், கணினிக்கு ஆணையிடும் செய்நிரல் மொழிகளிலே இதே ஐயம் அறிஞரிடையே நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது.

நேயர்களே! செய்நிரலாளர் ஒரு கோலத்தை எழுதுகிறார். வருகின்ற தரவு அக்கோலத்தோடு பொருந்துகின்றதா எனக் கணினி ஒப்பிட்டுப் பார்க்கின்றது. பொருந்துமாயின், தரவின் உறுப்புக்கள் கோலத்திலுள்ள மாறிகளுக்கு மதிப்புக்களாகின்றன. 'செல்' என்ற சொல்லும் 'திசை' என்ற மாறியும் சேர்ந்து ஒரு கோலம் என்க. முன்னது அச்சு, பின்னது வெற்றிடம். 'செல், வடக்கு' என்று தரவு வந்தால், திசை என்னும் மாறி 'வடக்கு' என்ற மதிப்பைப் பெறும்.

இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. முதலாவது: கோலத்தில் வரும் பெயருக்கு முன்னரே ஒரு மதிப்பு இருந்தால் செய்வது யாது? சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற எர்லாங் மொழி, அந்த மதிப்போடு ஒப்பிடும், மாற்றாது. அதன் வழிவந்த எலிக்சிர் மொழியோ புதிய மதிப்பை இட்டுவிடும். ஒப்பிடவே வேண்டுமெனின் பெயரின் முன்னே தனிக்குறி இடல்வேண்டும்.

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் நாள் வெளியான பைதன் 3.10 பதிப்பு வேறொரு விதியை வகுத்தது. தனிப்பெயர் எப்பொழுதும் வெற்றிடம். நடுவே புள்ளி பெற்ற பெயர் ஒப்பிடுதற்குரியது. இதன் விளைவைக் கவனியுங்கள். 404 என்ற எண்ணுக்கு 'காணாமை' எனப் பெயரிட்ட ஒருவர், அத்தனிப்பெயரையே கோலமாக எழுதினால், எந்த எண் வந்தாலும் பொருந்திவிடும். பெயரின் பழைய மதிப்பும் அவ்விடத்தில் மறைந்துபோம். நிபந்தனையற்ற அக்கோலத்தின் பின் வேறு கோலங்கள் வருமாயின் மொழியே பிழையெனத் தடுக்கும். இறுதிக் கோலமாயினோ எச்சரிக்கை யாதும் இல்லை.

இரண்டாவது வினா: மதிப்பை எப்பொழுது இடுவது? கோலத்தின் முற்பகுதி பொருந்திப் பிற்பகுதி பொருந்தாது போகலாம். 1962ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த ஸ்னோபால் மொழி, தன் நான்காம் வடிவத்தில் இதற்கு இரு குறிகளை வைத்திருந்தது. புள்ளிக்குறி இட்டால், கோலம் முழுதும் பொருந்திய பின்னரே மதிப்பு இடப்படும். டொலர்க்குறி இட்டால், அப்பகுதி பொருந்திய கணமே இடப்படும். பைதனின் விதியோ, பொருந்தாத கோலம் விட்டுச்சென்ற மதிப்பு நிலைக்கலாம், நிலைக்காமலும் போகலாம் என்று விட்டுவிட்டது.

மாறிக்கு மதிப்பிடுதலே கோலத்தில் மிகுதியாக நிகழ்வது. ஆதலின் அதன் எழுத்து எளிதாக இருத்தல் நன்று என்பர் ஒரு சாரார். அக்கூற்றில் நியாயம் உண்டு. எனினும், செய்நிரல் ஒருமுறை எழுதப்பட்டுப் பன்முறை படிக்கப்படுவது. படிப்பவர் முன்வரிகளைத் தேடாமலே, இது ஒப்பீடா, மதிப்பீட்டிடமா என்று கண்ணாற் கண்டறிதல் வேண்டும். முழுவதும் பொருந்தினாலன்றி எந்த மாறியும் மாறலாகாது. சம்பளப் பட்டியலும் நோயாளர் பதிவும் இன்று கணினியை நம்பியிருக்கின்றன. தவறி நின்றுவிடும் செய்நிரலைத் திருத்திக்கொள்ளலாம். ஓசையின்றித் தவறான விடை தரும் செய்நிரலை ஐயுறுவார் யார்?