தல மரமும் உழவாரமும்

  

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே அமைந்த கீழ்வேளூர், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய திருத்தலம். கோச்செங்கட்சோழர் எழுப்பிய மாடக்கோயில்களுள் இதுவும் ஒன்று என்பர். வேளாகிய முருகப்பெருமான் சூரசங்காரத்தின் பின்னர் இங்கு வந்து ஈசனை வழிபட்டார் என்பது தலபுராணம். இறைவன் கேடிலியப்பர், இறைவி வனமுலைநாயகி, தீர்த்தம் சரவணப் பொய்கை, தல மரம் இலந்தை. இலந்தையை வடமொழியில் பதரி என்று வழங்குவர்.

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றாலும் சிறந்தது திருக்கோயில் என்று கூறும் மரபில், தலத்தின் உயிருள்ள அடையாளமாக நிற்பது தல மரமே. ஆயினும் மூலவரையும் அம்பிகையையும் கண்குளிர வணங்கும் அன்பர்களுள், தல மரத்தின் முன் நின்று அதன் இலையையும் கனியையும் உற்று நோக்குவோர் மிகச் சிலரே.

இலந்தை எளிய மரம். முள் நிறைந்தது; வரப்பிலும் தரிசிலும் தானே முளைப்பது. வேர் ஆழமாகச் செல்வதால் கோடையைத் தாங்கும். ஓரளவு உவர் மண்ணிலும் பிழைத்து நிற்கும். குளிர் காலத்தில் காய்த்துப் பழுத்து, சிறுவர்க்கும் பறவைகட்கும் உணவளிக்கும். காவிரி நீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதிக்கு இதனினும் பொருத்தமான மரம் ஏது? அரிய மரம் ஒன்றைத் தேடிக் கொணராமல், மண்ணுக்கு உரிய மரத்தையே இறைவனுக்கு உரியதாக்கிய பெரியோரின் அறிவு வியக்கத்தக்கது.

கீழ்வேளூரைச் சுற்றியுள்ள தலங்களை நோக்குங்கள். திருவாரூரில் பாதிரி, திருப்புகலூரில் புன்னை, திருமருகலில் வாழை, சிக்கலில் மல்லிகை, திருநள்ளாற்றில் தருப்பை, திருமறைக்காட்டில் வன்னி, திருக்கோளிலியாகிய திருக்குவளையில் தேற்றா. இவற்றுள் தேற்றா மரத்தின் கொட்டையைக் கலத்தின் உட்புறம் தேய்த்துக் கலங்கிய நீரை ஊற்றி வைத்தால், மண் அடியில் படிந்து நீர் தெளியும். ஆற்று நீரையும் குளத்து நீரையும் பருகி வாழ்ந்த மக்களுக்கு அம்மரம் செய்த உதவி பெரிது.

உதகமண்டலத்தில் 1848-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு தாவரவியல் பூங்காவிற்கு ஆண்டுதோறும் மே மாத மலர்க் காட்சியைக் காணப் பல்லாயிரவர் செல்கின்றனர். பல நாட்டுச் செடிகளை ஓரிடத்தில் சேர்த்து, பெயர்ப் பலகை இட்டு, கன்றுகளைப் பெருக்கி, மக்களுக்குக் காட்டுவது தாவரவியல் பூங்காவின் நெறி. தமிழகத் திருக்கோயில்களின் நெறி வேறு. ஊருக்கு ஒரு மரமாக நாடு முழுவதும் பரப்பி, ஒவ்வொரு மரத்தின் காவலையும் அந்தந்த ஊராரிடமே ஒப்படைத்தது இந்நெறி. மதிலில்லாத பெரும் பூங்கா இது. இதற்குத் தனிக் காவலர் இல்லை. வழிபட வருவோரே காவலர்.

அக்காவல் எத்தகையது என்பதை அறியத் திருப்புகலூருக்குச் செல்ல வேண்டும். அவ்வூரில் வாழ்ந்த முருக நாயனார், விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நால்வகை மலர்களையும் கொய்து, இண்டையும் கோவையுமாகத் தொடுத்து, வர்த்தமானீச்சரத்துப் பெருமானுக்குச் சாத்தி வந்தார் என்று பெரியபுராணம் உரைக்கிறது. மரத்திற் பூப்பது, கொடியிற் பூப்பது, செடியிற் பூப்பது, நீரிற் பூப்பது என்ற இப்பகுப்பை அறிந்து அந்தந்த மலரை அதனதன் இடத்திற் சென்று பறிப்பது, செடிகளோடு நாளும் பழகியவர்க்கே கைகூடும்.

அதே திருப்புகலூரில்தான் திருநாவுக்கரசர் உழவாரத் தொண்டு செய்தார். திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கும்போது உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. அப்பர் பெருமான் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார். பொன்னைக் கண்டும் புல் செதுக்குவதை நிறுத்தாத அந்தத் திருவுள்ளமே தொண்டின் எல்லை. கேடிலி என்று இத்தலத்து இறைவனைத் திருத்தாண்டகத்தில் பாடியவரும் அவரே.

அன்பர்களே! இன்று தல மரங்களுக்குத் தீங்கு நேர்வது பகைவராலன்று. பக்தியின் பெயராலேயே நேர்கிறது. வேண்டுதல் பலகை மாட்ட ஆணி அறைகின்றனர். அடிமரத்தை ஒட்டி விளக்கேற்றிக் கற்பூரம் கொளுத்துகின்றனர். பட்டை கருகுகிறது, எண்ணெய் மண்ணில் ஊறி வேரைக் கெடுக்கிறது. நெகிழிக் கயிறுகளை இறுகக் கட்டுகின்றனர். மரம் பருக்கும்போது அக்கயிறு பட்டையை அறுக்கிறது. திருப்பணி என்று கருதி அடிமரம் வரை சிமெண்டுத் தளம் இடுகின்றனர். மழைநீரும் காற்றும் வேருக்குச் செல்லாமல் மரம் மெல்ல வாடுகிறது. வேர் நலிந்த மரம் பெருங்காற்றைத் தாங்காது.

பெருங்காற்று என்பது இப்பகுதிக்குப் புதியதன்று. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கணக்கற்ற மரங்களைச் சாய்த்தது. தலைமுறைகள் போற்றி வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் அழிந்தன. தோப்பை மீண்டும் நட்டு வளர்க்கலாம். தல மரம் ஒன்று வீழ்ந்தால், அதன் வழித்தோன்றல் வேறெங்கும் இல்லையெனில், அந்த மரபு அன்றோடு முடியும்.

ஆதலின் தல மரம் நலமாக இருக்கும்போதே அதன் கன்றுகளை உண்டாக்கி வைத்தல் வேண்டும். புன்னையையும் வில்வத்தையும் விதையிட்டே வளர்க்கலாம். இலந்தையின் விதைக்கன்று தாய்மரத்தின் குணங்கள் அனைத்தையும் கொண்டிருக்கும் என்பது உறுதியன்று. தாய்மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு விதைக்கன்றின் தண்டில் பொருத்திக் கட்டினால், அதிலிருந்து தழைக்கும் கிளை தாய்மரமேயாகும். திருக்கோயில் நிர்வாகத்தின் இசைவோடு, தோட்டக்கலை அறிந்தோரைக் கொண்டு இதனைச் செய்து, ஒரு கன்றை நந்தவனத்திலும் மற்றொன்றை அவ்வூர்ப் பள்ளியிலும் வளர்த்தால், ஒன்றுக்கு இடர் வரினும் மற்றொன்று நிலைக்கும்.

நந்தவனப் பணியும் அனைவர்க்கும் எளிதே. சோழர் காலத்தில் திருநந்தவனப்புறம் என நிலம் விட்டு இப்பணி போற்றப்பட்டது. நிலம் அளிக்க இயலாதவர் மாதம் ஒருநாள் உழைப்பை அளிக்கலாம். கடைமடைக் களிமண்ணில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் தேங்குமாதலால், பாத்தியை மேடாக்கிச் செடி நடுதல் நன்று. சாத்திக் களைந்த மலர்களைக் குப்பையில் எறியாமல் மக்கச் செய்தால், அவையே அடுத்த பூவிற்கு உரமாகும். அரளி நச்சுத்தன்மை உடையது. ஆகவே குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாத மூலையில் அதனை வைத்தல் வேண்டும். வில்வம், கொன்றை, தும்பை, நந்தியாவட்டை, செம்பருத்தி ஆகியவற்றின் அருகே பெயர்ப் பலகை இட்டு, விடுமுறை நாளில் சிறுவர்களை அழைத்து வந்து காட்டினால், அவர்கள் வளர்ந்தபின் அவற்றைக் காக்க மறவார்.

அடுத்த முறை திருக்கோயிலை வலம் வரும்போது தல மரத்தின் முன் சற்றே நின்று, கயிறு கட்டுவதற்கு மாறாக ஒரு குடம் நீர் வார்த்து வணங்குங்கள். அந்நீர் வேரைச் சேரும். வேரைச் சேர்ந்த வழிபாடு இறைவனையும் சேரும். கேடில்லாத பெருமானின் திருத்தலத்தில் அவர்தம் மரத்திற்கும் கேடு வாராது காப்பது அடியார் கடன்.

திருச்சிற்றம்பலம்.